கல்வி விரும்பனின் கடிதம்: அம்மைப்பாலும் ஒரு போலிச் சுவடியும்

திருச்செந்தூருக்குத் தெற்கே, முத்துக்குளித்துறைக் கரையில் அமைந்திருக்கும் குலசேகரன்பட்டினத்தில் ஞானமூர்த்தீசுவரரும் முத்தாரம்மனும் ஒரே கருவறையில் வீற்றிருக்கின்றனர். புரட்டாசியில் நிகழும் தசராவின்போது வேடம் புனைந்து காணிக்கை திரட்டும் அடியார் கூட்டத்தால் இவ்வூர் தமிழகம் முழுவதும் அறியப்பட்டிருக்கிறது. அம்மனின் பெயருக்கு இருவகையாகப் பொருள் கூறுவர். முத்து ஆரம் பூண்டவள் ஆதலின் முத்தாரம்மன் என்பது ஒன்று. ‘முத்து’ ஆற்றும் அம்மன் ஆதலின் முத்தாரம்மன் என்பது மற்றொன்று. இரண்டாவது விளக்கத்தில் வரும் முத்து, கடலில் விளைவதன்று, உடம்பில் விளைவது. அம்மைக் கொப்புளத்தை முத்து என்பதும், நோய் கண்ட வீட்டில் ‘முத்துப் போட்டிருக்கிறது’ என்று அடங்கிய குரலில் சொல்வதும் தமிழர் வழக்கம். கடல் முத்து விளைந்த கரையிலேயே உடல் முத்தை ஆற்றும் தாய்க்குக் கோயில் எழுந்தது என்பது பொருத்தமாகவே தோன்றுகிறது.

இவ்வாறு நோயையே தாயின் வருகையாகக் கருதிய மக்களிடம், அந்நோயைத் தடுக்கும் ஊசியோடு கும்பினி அரசாங்கத்தார் வந்தபோது என்ன நிகழ்ந்தது? அவர்களுள் ஒருவர், அதுவும் தமிழ் அறிந்த ஒருவர், மக்களை இணங்கச் செய்யும் பொருட்டு ஒரு பழஞ்சுவடியையே உருவாக்கினார். மருத்துவ வெளியீட்டில் அறம் எது என்று இன்று உலகெங்கும் வாதிடப்படுகிறது. ஆய்வு முடிவுகளைப் புனைவது, இல்லாத நோயாளிகளைக் கணக்கில் காட்டுவது, மூலத்தைப் பாராமலே மேற்கோள் தருவது ஆகியன நம் காலத்துச் சிக்கல்கள் என்றே எண்ணிக்கொண்டிருக்கிறோம். ஆனால் சென்னையில் 1819ஆம் ஆண்டு அச்சான ஒரு கடிதத்திலேயே இவை யாவும் முளைவிட்டிருந்தன. அதன் வரலாற்றைச் சற்று விரிவாகப் பார்ப்போம்.

*

இங்கிலாந்தில் எட்வர்ட் ஜென்னர், பசுவுக்கு வரும் அம்மையின் நீரை 1796இல் ஜேம்ஸ் பிப்ஸ் என்ற சிறுவனின் கையில் ஏற்றி, பின்னர் அவனைப் பெரியம்மை பற்றவில்லை என்று கண்டார். அதனை எழுதி ராயல் சொசைட்டிக்கு அளித்தபோது அக்கட்டுரை ஏற்கப்படவில்லை. ஒருவனிடம் கண்ட பயனைக் கொண்டு உலகத்திற்கே முடிவு கூறலாகாது என்ற தயக்கம் அதற்குக் காரணம். ஜென்னர் மேலும் சிலரிடம் ஆய்ந்து, 1798இல் தம் செலவிலேயே நூலாக வெளியிட்டார். பெருங்கண்டுபிடிப்பு ஒன்று இவ்வாறு திருப்பி அனுப்பப்பட்டது ராயல் சொசைட்டியின் அறியாமை என்று நகைப்போர் உண்டு. நமக்கு அது அவ்வாறு தோன்றவில்லை. கூற்று எவ்வளவு நல்லதாயினும் சான்று போதுமா என்று கேட்பதே அவர்கள் வேலை. அக்கேள்வியினால் ஜென்னரின் நூல் வலுப்பெற்றதே அன்றி மெலியவில்லை.

அம்மைப்பால் பாக்தாத், பாஸ்ரா வழியாகப் பம்பாய்க்கு வந்தது. 1802 ஜூன் 14 அன்று அன்னா டஸ்ட்ஹால் என்ற மூன்று வயதுக் குழந்தைக்கு அது வெற்றியுடன் ஏற்றப்பட்டது. அக்குழந்தையின் கையிலிருந்து பிறர் கைக்கும், அவர்கள் கையிலிருந்து மேலும் பலர் கைக்குமாகச் சென்று, அது பிற மாகாணங்களை அடைந்தது. குளிரூட்டும் வசதி இல்லாத அக்காலத்தில் அம்மைப்பாலைக் காப்பதற்குக் கைவிட்டுக் கை மாற்றுவதே முதன்மையான வழியாக இருந்தது.

தயக்கம் பிறந்ததும் இவ்விடத்தில்தான். ஒரு குழந்தையின் கொப்புளத்தில் கசியும் நீரை மற்றொரு குழந்தையின் உடம்பில் ஏற்றுவது என்றால், அக்குழந்தை யார் வீட்டுக் குழந்தை என்ற கேள்வி சாதி வேரூன்றிய சமூகத்தில் எழாமல் இராது. நீர் எடுப்பதற்காகக் கொப்புளத்தைக் கீறும்போது குழந்தை படும் வலியைத் தாயால் பார்த்திருக்க இயலாது. வேறு நோய்களும் அந்நீரோடு சேர்ந்து வரலாம் என்ற அச்சம் ஆதாரமற்றதும் அன்று. இவற்றுக்கும் மேலாக, வேப்பிலை செருகி, கூழ் வார்த்து, தலைக்குத் தண்ணீர் ஊற்றி வழியனுப்ப வேண்டிய அன்னையை வாசலிலேயே தடுப்பது முறையா என்ற மனக்கலக்கமும் இருந்தது. கும்பினியின் அலுவலர்கள் இக்காரணங்களை எல்லாம் ஒன்றாகக் கட்டி ‘மூடநம்பிக்கை’ என்று பெயரிட்டனர். நோய்க்கு இவ்வாறு பெயரிட்டுவிட்ட பின், மருந்தும் அதற்கேற்பவே அமைந்தது. மக்கள் பழமையை நம்புவார்களானால் பழமையையே செய்து கொடுத்துவிடுவோம் என்ற எண்ணம் அவர்களுள் சிலருக்குத் தோன்றியது.

*

1819 ஜனவரி 12ஆம் நாள் ‘மெட்ராஸ் கூரியர்’ என்ற ஆங்கிலச் செய்தித்தாளில் ஒரு கடிதம் வெளிவந்தது. எழுதியவர் தம் பெயரைக் ‘கல்வி விரும்பன்’ என்று ஒப்பமிட்டிருந்தார். அம்மைப்பால் ஏற்றும் முறை ஐரோப்பியரின் புதுக் கண்டுபிடிப்பு அன்று, அது பாரத நாட்டில் பண்டே அறியப்பட்டது என்பது கடிதத்தின் சாரம். தன்வந்திரி இயற்றியதாகக் கூறப்பட்ட ‘சாக்தேய கிரந்தம்’ என்னும் வடமொழி நூல் அதற்குச் சான்றாகக் காட்டப்பட்டது. பசுவின் மடிக் கொப்புளத்து நீரையோ மனிதர் கையிலுள்ள கொப்புளத்து நீரையோ கருவியின் முனையில் எடுக்க வேண்டும், தோளுக்கும் முழங்கைக்கும் இடையில் குத்த வேண்டும், குருதியோடு அதைக் கலக்கச் செய்ய வேண்டும் என்று அந்நூல் முறைப்படி விளக்குவதாகக் கடிதம் கூறியது.

தமிழ்ச் சுவடிகளோடு பழகிய எவருக்கும் இதைப் படித்தவுடன் ஓர் ஐயம் எழும். பழநூல்கள் நம் ஐயங்களுக்கு இவ்வளவு நேராக விடையளிப்பதில்லை. அவை வேறொரு காலத்தின் கேள்விகளுக்கு விடை கூறுபவை. நம் கேள்விக்குரிய விடையை அவற்றினின்று வருந்தித்தான் பெற வேண்டும். இந்நூலோ ஜென்னரின் முறையை, குத்த வேண்டிய இடம் முதற்கொண்டு, அப்படியே ஒப்புவிக்கிறது. சரக சம்ஹிதையிலும் சுசுருத சம்ஹிதையிலும் ‘மசூரிகா’ என்னும் கொப்புள நோய் பேசப்படுகிறது. பின்வந்த மாதவரின் நிதான நூலிலும் அது விரிவாக உண்டு. ஆனால் பசுவம்மை நீரை ஏற்றும் முறை இவற்றில் எங்கும் இல்லை. கல்வி விரும்பன் காட்டிய பாடலுக்கு இணையான வேறொரு பிரதியும் இதுகாறும் அகப்படவில்லை.

இக்கடிதத்தின் பின்னணியை ஆய்ந்தவர் வடமொழி மருத்துவ வரலாற்றறிஞர் டொமினிக் உஜஸ்திக். 1987இல் வெளிவந்த ஆய்வில் இதனை ஒரு ‘புண்ணிய மோசடி’ என்றே அவர் குறித்தார். ஜென்னருக்கு முன்பே இந்தியாவில் இம்முறை இருந்தது என்ற கூற்றுகளை வேர்வரை சென்று பார்த்தால் போலிச் சான்றுகளே எஞ்சுகின்றன என்று காட்டிய அவர், கல்வி விரும்பன் என்ற புனைபெயருக்குப் பின்னால் இருந்தவர் சென்னைக் கலெக்டராக விளங்கிய எல்லிஸ் என்று கருதுவதற்குரிய காரணங்களையும் எடுத்துரைத்தார். எல்லிஸ் வடமொழியில் அம்மைப்பால் குறித்துப் பாடல் ஒன்றைத் தாமே இயற்றி, பழந்தாளில் எழுதுவித்து, அது கண்டெடுக்கப்பட்டது என்று பரப்பினார் என்ற செய்தி 19ஆம் நூற்றாண்டின் முற்பாதியிலேயே ஆங்கில மருத்துவ எழுத்துகளில் பதிவாகிவிட்டது.

*

பிரான்சிஸ் வைட் எல்லிஸ் தமிழ் உலகுக்குப் புதியவர் அல்லர். 1777இல் பிறந்து, 1796இல் கும்பினியின் எழுத்தராகச் சென்னைக்கு வந்து, 1810இல் சென்னைக் கலெக்டர் ஆனவர். 1812இல் சென்னைக் கோட்டைக் கல்லூரி தோன்றக் காரணமாக இருந்தவர். தென்னிந்திய மொழிகள் வடமொழியின் வழிவந்தவை அல்ல, அவை தனிக்குடும்பம் என்பதைக் கால்டுவெல்லுக்கு 40 ஆண்டுகள் முன்பே, 1816இல், சான்றுகளோடு நிறுவியவர். திருக்குறளை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து விரிவுரை எழுதியவர். 1818இல் அவர் வெட்டுவித்த இராயப்பேட்டைக் கிணற்றின் கல்வெட்டில் குறள் இடம்பெற்றிருப்பதை நம்மில் பலர் அறிவோம். எல்லீசன் என்று தம் பெயரைத் தமிழாக்கிக்கொண்ட அவரை இன்றும் நன்றியோடு நினைக்கிறோம்.

இவரைப் பற்றித் தாமஸ் டிரவுட்மன் 2006இல் எழுதிய நூல் ‘திராவிடச் சான்று’ என்ற பெயரில் தமிழிலும் வந்திருக்கிறது. மக்களிடம் அம்மைப்பாலைப் பரப்பும் நோக்கத்தோடு எல்லிஸ் ஒரு புராணக் கதையையும் ஆக்கியிருந்தார் என்பதை டிரவுட்மன் எடுத்துக்காட்டுகிறார். ஆகவே 1819ஆம் ஆண்டுக் கடிதம் ஒரு நாள் விளையாட்டாக எழுந்ததன்று என்று கொள்ளலாம்.

இங்கே நம்மை வியக்கவைக்கும் செய்தி ஒன்று உண்டு. போலிச் சுவடிகளை இனங்காண்பதில் எல்லிஸுக்கு நிகரானவர் அக்காலத்தில் மிகச் சிலரே. ‘எசூர் வேதம்’ என்ற நூல் பிரெஞ்சு நாட்டில் பழைய இந்திய ஞானத்தின் கருவூலம் என்று போற்றப்பட்டது. வால்டேர் அதனை நம்பிக் கொண்டாடினார். 1778இல் அது அச்சும் ஏறியது. புதுச்சேரியில் இருந்த கையெழுத்துப் படிகளை ஆராய்ந்த எல்லிஸ், அது வேதம் அன்று, கிறித்தவ சமயத்தைப் பரப்பும் பொருட்டுப் பாதிரிமார் வட்டத்தில் உருவான போலி என்று நிறுவினார். அக்கட்டுரை அவர் மறைவுக்குப் பின், 1822இல், கல்கத்தாவின் ‘ஏசியாட்டிக் ரிசர்ச்சஸ்’ 14ஆம் தொகுதியில் வெளிவந்தது. அதை ஆக்கியவர் தத்துவ போதகர் எனப்பட்ட இராபர்ட் தெ நோபிலி என்று எல்லிஸ் கருதியதைப் பிற்கால அறிஞர்கள் ஏற்கவில்லை. ஆயினும் நூல் போலி என்ற முடிவு நிலைத்தது. நல்ல நோக்கத்துக்காகப் பிறர் செய்த பொய்ச் சுவடியைத் தோலுரித்த அதே கை, தன் நல்ல நோக்கத்துக்காக மற்றொரு பொய்ச் சுவடியை எழுதியிருக்கிறது.

கடிதம் வெளிவந்த இரண்டு மாதங்களில், 1819 மார்ச்சில், இராமநாதபுரத்தில் தவறுதலாக நச்சுப்பொருளை உட்கொண்டு எல்லிஸ் இறந்தார். அவர் விட்டுச்சென்ற தாள்களில் பெரும்பகுதி மதுரையில் அடுப்பெரிக்கப் பயன்பட்டு அழிந்தது என்று வால்டர் எலியட் பின்னர் எழுதினார். அவரது குறள் உரையில் அச்சேறியது முதல் 13 அதிகாரங்களோடு நின்றுவிட்டது. அவர் எழுதிய உண்மைகள் பல இவ்வாறு அழிந்துபோக, அவர் எழுதிய பொய் மட்டும் செய்தித்தாளில் ஏறிப் பிழைத்துக்கொண்டது.

*

எல்லிஸுக்காக வாதாட நமக்கு இடமில்லையா? உண்டு. தமிழ் மரபையே துணைக்கு அழைக்கலாம். நம் சித்த மருத்துவ நூல்களில் அகத்தியர் பெயராலும் தேரையர் பெயராலும் வழங்குவன எத்தனை! அவை யாவும் ஒருவரே இயற்றியவை என்று மொழிநடை அறிந்த எவரும் கூறார். பிற்காலப் புலவர்கள் தம் நூலை முன்னோர் பெயரில் வைத்தனர். அவ்வாறாயின், எல்லிஸும் தன்வந்திரியின் பெயரில் ஒரு பாடலை வைத்தார் என்று விட்டுவிடலாமே என்று கேட்கலாம்.

இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைக் குலசேகரன்பட்டினத்துத் தசராவைக் கொண்டே விளக்கலாம். அங்கே காளியாகவும் குறவனாகவும் குரங்காகவும் வேடம் புனைந்து வருவோரைக் கண்டு எவரும் ஏமாறுவதில்லை. வந்திருப்பவர் பக்கத்து ஊர்க்காரர் என்று தெரிந்தேதான் காணிக்கை இடுகின்றனர். வேடம் வேடமென்று இருவருக்கும் தெரியும். அகத்தியர் பெயரில் நூல் செய்த மருத்துவரும் தம் குருபரம்பரைக்கு உரியதைக் குருவின் பெயரில் வைத்தார். அதைக் கற்ற மாணாக்கருக்கு அந்த மரபு தெரியும். கல்வி விரும்பன் செய்தது இதுவன்று. கண்டுபிடிப்பில் முந்தியவர் யார் என்ற வழக்கில், காலம் குறிக்கத்தக்க சான்றாக ஒரு பாடலை அவர் முன்வைத்தார். அப்பாடல் பழையது என்று படிப்பவர் நம்பினாலன்றி அதற்குப் பயனே இல்லை.

திருக்குறளையும் எல்லிஸுக்குச் சார்பாகக் காட்டலாம். வாய்மை அதிகாரத்தின் இரண்டாம் குறள், குற்றமற்ற நன்மையைத் தருமாயின் பொய்யும் வாய்மையின் இடத்தைப் பெறும் என்கிறது. அம்மையால் மாளும் குழந்தைகளைக் காப்பதினும் பெரிய நன்மை எது? ஆயினும் அக்குறள் வெறும் நன்மையைச் சொல்லவில்லை. குற்றம் நீங்கிய நன்மை என்று வரம்பிடுகிறது. ஒருவர் இன்னொருவரிடம் நேர்நின்று கூறும் பொய்யின் பயனை அப்போதே அளந்துவிடலாம். அச்சில் ஏறிய பொய்யின் பயனை எழுதியவரால் அளக்கவே இயலாது. அது எங்கெங்குச் செல்லும், யார் யார் கையில் எதற்கெதற்குப் பயன்படும் என்பது அவர் ஆளுகையில் இல்லை. குற்றமற்றது என்று அவர் உறுதி கூற முடியாது.

இதற்குத் தூத்துக்குடிச் சீமையிலேயே மற்றொரு சான்று இருக்கிறது. வ.உ.சிதம்பரம்பிள்ளை 1917இல் ‘இன்னிலை’ என்ற நூலைப் பதினெண்கீழ்க்கணக்கில் ஒன்றெனக் கருதிப் பதிப்பித்தார். பின்னர் அது பிற்காலத்தார் புனைந்த போலி என்று வையாபுரிப்பிள்ளை முதலியோர் கண்டனர். பதினெட்டாவது நூல் ‘கைந்நிலை’யே என்பது அறிஞர் முடிவாயிற்று. சிறைக்கோட்டம் கண்டு, செல்வம் இழந்து, வறுமையிலும் தமிழுக்கு உழைத்த ஒருவரின் உழைப்பைப் போலிச் சுவடி வீணாக்கியது. புனைந்தவர் எவ்வளவு தமிழ்ப்பற்று உடையவராக இருந்திருப்பினும், அவர் செய்ததன் விலையைக் கொடுத்தவர் வ.உ.சி.

*

கல்வி விரும்பனின் கடிதத்துக்கு வருவோம். அதன் பயன் என்ன? ஆங்கிலச் செய்தித்தாளில் வந்த கடிதத்தைப் படித்து எத்தனை கிராமத்துத் தாய்மார் தம் குழந்தைகளின் கையை நீட்டியிருப்பர்? அதனைப் படித்தவர்கள் ஐரோப்பியர், நம்பியவர்களும் அவர்களே. கடிதத்தின் செய்தி ஐரோப்பிய இதழ்களுக்கும் மருத்துவ நூல்களுக்கும் சென்றது. ஒருவர் எழுதியதைக் கண்டு மற்றொருவர் எழுதினார். மூலச் சுவடியைக் கண்டவர் எவரும் இலர். மேற்கோளுக்கு மேற்கோளே ஆதாரமாயிற்று.

இச்சுழல் 86 ஆண்டுகளுக்குப் பின் சென்னைக்கே திரும்பி வந்ததுதான் வியப்பு. கிண்டியில் அம்மைப்பால் தயாரிப்பதற்கென அமைந்த கிங் நிறுவனத்தை 1905 பிப்ரவரியில் சென்னை ஆளுநர் ஆம்ப்டில் பிரபு திறந்துவைத்தார். பண்டைய இந்தியர் பசுவின் வழியே அம்மைத் தடுப்பை அறிந்திருந்தனர் என்பது மிகவும் இயல்வதே என்று அவர் உரையில் குறிப்பிட்டார். கர்னல் கிங் தமக்கு அவ்வாறு தெரிவித்ததாகவும், தன்வந்திரியின் எழுத்து ஒன்றே அதற்கு ஆதாரம் என்றும் கூறினார். அந்நிறுவனத்துக்குப் பெயர் தந்தவரும், மாகாணத்தின் சுகாதாரத் தலைமையில் இருந்தவரும் ஆகிய கிங், சென்னையிலேயே உருவான போலியைச் சென்னைக்கே சான்றாக அளித்தார். அதன்பின் நம் பழம்பெருமை பேசும் நூல்களில் ஆளுநரின் சொல்லே ஆதாரமாக இடம்பெற்றது. வெள்ளைக்கார ஆளுநரே ஒப்புக்கொண்டுவிட்டார் என்ற பெருமிதம் வேறு.

இதனால் விளைந்த இழப்பு இருவகைப்பட்டது. முதலாவது, உண்மையான வரலாறு மறைந்தது. வங்காளத்தில் ‘டீகாதார்’கள் பெரியம்மை நீரையே சிறிதளவு உடம்பில் ஏற்றி நோயைத் தணிந்த அளவில் வரவழைக்கும் முறையைக் கையாண்டனர். ஹால்வெல் 1767இல் அதை விரிவாக எழுதியுள்ளார். அது பசுவம்மை அன்று, மனிதரின் அம்மையே. ஆபத்து மிக்க முறையாயினும் அது இந்நாட்டவர் கையால் பயின்ற உண்மையான அறிவு. போலிப் பாடலின் ஒளியில் அந்த உண்மை மங்கியது. இல்லாத பெருமைக்காக இருந்த பெருமையை விட்டுக்கொடுத்தோம். இரண்டாவது இழப்பு நம்பிக்கை பற்றியது. மக்களின் ஐயத்துக்கு விடை கூறாமல் அவர்களை ஏமாற்றி இணங்கவைப்பதே வழி என்ற எண்ணம், ஆள்வோருக்கும் ஆளப்படுவோருக்கும் இடையில் இருந்த பள்ளத்தை ஆழப்படுத்தியதே அன்றித் தூர்க்கவில்லை.

*

இதற்கு நேர்மாறான நிகழ்ச்சியும் தமிழ்நாட்டிலேயே உண்டு. அதே கிண்டியில் 1948இல் காசநோய்த் தடுப்புக்கான பி.சி.ஜி. மருந்துக்கூடம் தொடங்கியது. நாடெங்கும் பிள்ளைகளுக்கு அவ்வூசி போடப்பட்டது. 1955இல் இராஜாஜி அதை எதிர்த்துத் தனி வெளியீடே எழுதினார். பயன் உறுதியாகாத ஒன்றைக் கோடிக்கணக்கான பிள்ளைகளின் உடம்பில் ஏற்றலாமா என்று கேட்டார். அரசுத் தரப்பினர் அவரைப் பழமைவாதி என்றனர். அவர் அஞ்சிய பெருந்தீங்கு நேரவில்லை. ஆயினும் பயன் எவ்வளவு என்ற கேள்விக்கு மேடைப் பேச்சால் விடை கூறவும் இயலவில்லை.

விடை கூறச் செங்கற்பட்டு மாவட்டத்தில் 1968 முதல் 1971 வரை பெரியதோர் ஆய்வு தொடங்கப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், உலக நலவாழ்வு நிறுவனத்தின் துணையோடு அதனை நடத்தியது. ஏறத்தாழ 3,60,000 பேர் பதிவு செய்யப்பட்டனர். 2,80,000க்கு மேற்பட்டோருக்குத் தடுப்பு மருந்தோ, மருந்தற்ற வெறும் ஊசியோ குலுக்கல் முறையில் போடப்பட்டது. ஊசி போட்டவருக்கும் போட்டுக்கொண்டவருக்கும் எது எதுவென்று தெரியாது. ஏழரை ஆண்டுகள் கண்காணித்த பின் கிடைத்த முடிவு எவரும் விரும்பாதது: பெரியவர்களின் நுரையீரல் காசநோயைத் தடுப்பதில் அம்மருந்து பயன் தரவில்லை.

அரசுகள் பல ஆண்டுகள் முன்னின்று நடத்திய இயக்கம், உலக நிறுவனத்தின் மதிப்பு, கிண்டியின் மருந்துக்கூடம் ஆகிய யாவும் அம்முடிவால் சங்கடத்துக்கு உள்ளாகும். ஆயினும் முடிவு மறைக்கப்படவில்லை. 1979இல் உலக நலவாழ்வு நிறுவனத்தின் இதழிலும், 1980இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சி இதழிலும் அது வெளியிடப்பட்டது. 15 ஆண்டுக் கண்காணிப்பின் முடிவும் 1999இல் வெளிவந்து அதனையே உறுதிப்படுத்தியது. குழந்தைகளுக்கு வரும் மூளைக்காய்ச்சல் போன்ற கடுமையான காசநோய் வகைகளைத் தடுப்பதால், பிறந்த குழந்தைக்கு இன்றும் அவ்வூசி போடப்படுகிறது. எதற்குப் பயன்படும், எதற்குப் பயன்படாது என்று தெரிந்தே போடுகிறோம். உண்மையைச் சொன்னதனால் தடுப்பூசி ஒழிந்துவிடவில்லை என்பது கருதத்தக்கது.

*

மருத்துவ இதழ்களுக்கான நெறிமுறைகள் ஓர் இரவில் தோன்றியவை அல்ல. சில இதழாசிரியர்கள் 1978இல் வான்கூவர் நகரில் கூடி, கட்டுரைகளை அனுப்பும் முறையை வரையறுத்தனர். அக்குழுவே பின்னர் யாரை ஆசிரியர் எனலாம், பணம் தந்தவர் யார் என்பதை ஏன் தெரிவிக்க வேண்டும் என்பனவற்றுக்கும் விதி செய்தது. வெளியீட்டு அறத்துக்கென்றே இதழாசிரியர்களின் குழு ஒன்று 1997இல் இங்கிலாந்தில் அமைந்தது. இந்தியாவில் மருந்தாய்வுகளைத் தொடங்குமுன்பே பதிவு செய்வதற்கான பொதுப் பதிவேடு 2007 ஜூலையில் தொடங்கப்பட்டது. பயன் தராத ஆய்வுகளை மறைத்து, பயன் தந்தவற்றை மட்டும் வெளியிடும் வழக்கத்தைத் தடுப்பதே அதன் நோக்கங்களுள் ஒன்று.

விதிகள் இருந்தும் பொய் நுழைகிறது. 1998இல் ‘லான்செட்’ இதழில் ஆண்ட்ரூ வேக்ஃபீல்டும் பிறரும் 12 குழந்தைகளைப் பற்றி எழுதிய கட்டுரை, தட்டம்மைக்கான முத்தடுப்பூசியை மதியிறுக்கத்தோடு தொடர்புபடுத்தியது. தடுப்பூசி நிறுவனங்கள்மீது வழக்குத் தொடுக்க முனைந்த வழக்கறிஞர் தரப்பிலிருந்து பணம் பெற்றதை அவர் தெரிவிக்கவில்லை. 2004இல் உடன் எழுதியோருள் பத்துப் பேர் அக்கட்டுரையின் முடிவிலிருந்து விலகினர். 2010 பிப்ரவரியில் இதழ் அதனை முழுவதுமாகத் திரும்பப் பெற்றது. அதற்குள் 12 ஆண்டுகள் கழிந்துவிட்டன. பிரிட்டனில் தடுப்பூசி போடுவோர் தொகை குறைந்து தட்டம்மை மீண்டது. அக்கட்டுரையை இன்றும் சான்றாகக் காட்டுவோர் இருக்கின்றனர்.

2020இல் கொரோனாக் காலத்தில், 671 மருத்துவமனைகளின் ஏறத்தாழ 96,000 நோயாளிகளின் விவரங்களைத் தொகுத்ததாகக் கூறிய ஒரு கட்டுரை மே 22 அன்று அதே இதழில் வந்தது. அதனை நம்பி உலக நலவாழ்வு நிறுவனம் தன் ஆய்வின் ஒரு பகுதியையே நிறுத்திவைத்தது. மூல விவரங்களைக் காட்டும்படி கேட்டபோது, தொகுத்த நிறுவனம் காட்டவில்லை. ஜூன் 4 அன்று கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. மூலச் சுவடி எங்கே என்று கேட்பவர் ஒருவரேனும் இருந்தால் பொய்யின் ஆயுள் 13 நாள். கேட்பவர் இல்லையெனில் 86 ஆண்டுகள் கழிந்தும் அது ஆளுநரின் உரையில் ஏறும்.

வேக்ஃபீல்டின் கட்டுரை தடுப்பூசிக்கு எதிரானது. எல்லிஸின் பாடல் தடுப்பூசிக்குச் சார்பானது. ஒன்றைத் தீயது என்றும் மற்றொன்றை மன்னிக்கத்தக்கது என்றும் கூற நம் மனம் விழைகிறது. விளைவைக் கொண்டு பார்த்தால் இரண்டும் சமமல்ல என்பதையும் மறுக்கவில்லை. ஆனால் படிப்பவரிடம் இரண்டும் நடந்துகொண்ட முறை ஒன்றே. நீ உண்மையை அறிந்து முடிவு செய்ய வேண்டாம், உனக்கான முடிவை நான் செய்துவிட்டேன், அதற்கேற்ற சான்றையும் தருகிறேன் என்கின்றன இரண்டும்.

இந்தியாவில் பெரியம்மை 1975இல் ஒழிந்தது. 1980 மே மாதத்தில் உலகமே அதனின்று விடுபட்டதாக அறிவிக்கப்பட்டது. அதற்கு எந்தப் பழஞ்சுவடியும் தேவைப்படவில்லை. வீடு வீடாகச் சென்ற பணியாளர்களும், நம்பிக் கை நீட்டிய மக்களும் அதைச் செய்தனர். கை நீட்டிய பலர் வேப்பிலையையும் விடவில்லை, கோயிலையும் விடவில்லை. முத்தாரம்மனை வணங்கிக்கொண்டே ஊசியும் போட்டுக்கொள்ள முடியும் என்பதைத் தமிழ்க் குடும்பங்கள் எவர் சொல்லியும் கற்றுக்கொள்ளவில்லை, தாமே கண்டுகொண்டன. எல்லிஸ் அறியத் தவறியது இதுவே என்று தோன்றுகிறது. இம்மக்களின் மொழியை அவரளவு நேசித்த ஐரோப்பியர் சிலரே. ஆயினும் உண்மையைச் சொன்னால் விளங்கிக்கொள்வார்கள் என்ற நம்பிக்கையை அவர் அவர்கள்மீது வைக்கவில்லை.

எல்லிஸின் திராவிடச் சான்றை நாம் தொடர்ந்து படிப்போம், மாணவர்க்கும் சொல்வோம். 1816இல் அவர் கூறியது இன்றும் நிற்பதற்குக் காரணம், வேர்ச்சொற்களை வரிசையாக அடுக்கி, ஐயமுடையோர் தாமே சரிபார்த்துக்கொள்ள வழி வைத்திருந்தார் என்பதே. அதே மனிதர் மூன்றாண்டுகளுக்குப் பின் எழுதிய கடிதத்தில் அவ்வழியை அடைத்தார். அவரைப் பாராட்டும் கட்டுரைகளில் இக்கடிதத்தையும் சேர்த்தே எழுதுவது அவருக்குச் செய்யும் இழுக்கு ஆகாது. எசூர் வேதத்தை ஆராய்ந்தபோது அவர் நமக்குக் கற்றுத்தந்த முறையும் அதுவே.